ஒரே தொட்டியில் இரண்டு அஞ்சாலையா? முதலில் பல்லைப் பாருங்கள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மீன் வளர்ப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. பீடோங், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் சண்டை மீன் பிடித்து, காலி போத்தலில் விட்டு, லயத்து வாசலில் வரிசையாக அடுக்கி வைத்த பிள்ளைகள் இன்று தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள். இரண்டு போத்தல்களுக்கு நடுவில் ஓர் அட்டையைச் செருகி வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அட்டையை எடுத்தால் சண்டை. வைத்தால் அமைதி.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் இப்போது சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் வீட்டு முன்கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் வரும். பிறகு ஒருநாள், கடையின் மூலைத் தொட்டியில் குழாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும் ஒன்று கண்ணில் படும். அதையும் வாங்கியாயிற்று. ஆறு மாதம் போனதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "தனியாகக் கிடக்கிறதே, துணைக்கு இன்னொன்று விடலாமா?"

விடலாம். ஆனால் தாத்தா காலத்து அட்டை வித்தை இங்கே செல்லாது. சண்டை மீன் எதிரியைக் கண்ணால் பார்த்துச் சண்டைக்குப் போகும். இந்தப் பிராணிக்குச் சண்டை மூக்கில் தொடங்குகிறது.

விலாங்கு வேறு, அஞ்சாலை வேறு

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். கெடா நெல் வயல் சேற்றில் கிடக்கும் 'பெலுட்'டைப் பார்த்தவர்களும் உண்டு, சமைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டு. உண்மையில் அது விலாங்குக் குடும்பமே அல்ல, உருவம்தான் ஒன்று. கடல்நீர்த் தொட்டிக்கு வருவது பவளப்பாறை இடுக்குகளில் வாழும் அஞ்சாலை. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் வழங்கும் பெயர் இது. இங்கே கடைக்காரர்கள் 'மோரே ஈல்' என்பார்கள். உலகில் சுமார் 200 வகை அஞ்சாலைகள் இருக்கின்றன. சில வகைகள் ஓரடி நீளம்கூட வளராது. ராட்சத அஞ்சாலை 3 மீட்டர் நீளத்துக்கும் 30 கிலோ எடைக்கும் வளரும்.

வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து 'கடிக்க வருகிறது' என்று பிள்ளைகள் அலறுவார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். மற்ற மீன்கள் செவுள் மூடியை அசைத்து நீரை உள்ளே இழுக்கும். அஞ்சாலைக்குச் செவுள் பக்கத்தில் ஒரு சிறு துளைதான் இருக்கிறது. அதனால் வாயால்தான் நீரைத் தள்ள வேண்டும். கண் பார்வை மங்கல். அதற்கு ஈடாக மோப்ப சக்தி அபாரம். மூக்கு நுனியில் சிறு குழாய்போல நீட்டிக்கொண்டிருக்கும் துவாரங்களைக் கவனித்தால் தெரியும்.

எல்லாம் பல்லில் இருக்கிறது

எந்த அஞ்சாலை எதனோடு சேரும் என்பதற்குப் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். என்ன தின்னும் பிராணி என்று கேளுங்கள். அதற்குப் பல்லே பதில் சொல்லும்.

ஒரு கூட்டம் நண்டு, இறால் தின்பவை. ஓட்டை நொறுக்குவதற்கு ஏற்ற மழுங்கிய, கூழாங்கல் போன்ற பற்கள் இவற்றுக்கு. கடைகளில் ஸ்நோஃப்ளேக் என்ற பெயரில் விற்கும் வெள்ளையும் மஞ்சளும் கறுப்புமாய்ப் புள்ளி வைத்த அஞ்சாலையும், கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு ஓடும் சீப்ரா அஞ்சாலையும் இந்தக் கூட்டம். ஸ்நோஃப்ளேக் வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் 60 முதல் 75 செண்டிமீட்டர் வரை வளரும். சீப்ரா ஒன்றரை மீட்டர் வரை போகக்கூடியது, ஆனால் சாது. கூட்டாக வளர்க்க நினைப்பவர்களுக்கு இந்த இரண்டும்தான் முதல் தேர்வு.

இன்னொரு கூட்டம் மீன் தின்பவை. ஊசிபோன்ற, உள்நோக்கி வளைந்த பற்கள். கடித்தால் இரை வெளியே நழுவ முடியாது. நம் விரலும் அப்படித்தான். தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில் ராட்சத அஞ்சாலைக்குக் கையால் சாசேஜ் ஊட்டிய முக்குளிப்பாளர் ஒருவர் கட்டைவிரலையே இழந்தார். இந்தக் கூட்டத்தில் எல்லாமே முரடு என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைக் கண் அஞ்சாலைகள் இரண்டு மூன்றாக ஒரே பொந்தில் தலை நீட்டிக்கொண்டிருப்பதைக் கடலுக்குள் போகிறவர்கள் பார்க்கிறார்கள். ஆனாலும் தன்னைவிடச் சிறிய எதுவும் மீன் தின்னிக்கு இரைதான், அது இன்னோர் அஞ்சாலையாக இருந்தாலும் சரி. முதன்முறையாக வளர்ப்பவர்கள் இந்தக் கூட்டத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

2007-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அஞ்சாலையின் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது. முன்தாடை இரையைக் கவ்வியதும், உள்தாடை முன்னால் பாய்ந்து வந்து அதைப் பிடித்துத் தொண்டைக்குள் இழுத்துக்கொள்கிறது. 'ஏலியன்' படம் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்நோஃப்ளேக் தண்ணீருக்கு வெளியிலேயே இரையை விழுங்கிவிடும் என்பதையும் மேத்தா 2021-இல் காட்டினார்.

சும்மா வியப்புக்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு அஞ்சாலைகள் ஒரே இறாலின் இரு முனைகளையும் கவ்விக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கவ்வியதை விடும் பழக்கம் இரண்டுக்கும் இல்லை. உடம்பை முறுக்கிச் சுழன்று பிய்க்கப் பார்க்கும். அந்தக் குழப்பத்தில் கண் தெரியாமல் ஒன்று மற்றொன்றின் முகத்தைக் கடிக்கும். அஞ்சாலைக்குச் செதில் கிடையாது, வழவழப்பான தோல் மட்டும்தான். காயம் பட்டால் சீழ் பிடிக்கும். மற்ற மீன்களுக்குப் போடும் செம்பு கலந்த மருந்தை இதற்குப் போட்டால் அதுவே நஞ்சாகும். ஒரே தொட்டியில் வாழும் அஞ்சாலைகளுக்குள் வரும் சண்டைகளில் பல, சாப்பாட்டு வேளையில் இப்படி வருபவைதான்.

சாப்பாட்டு வேளை

ஆகவே தனித்தனியாக ஊட்டுங்கள். நீண்ட இடுக்கி இரண்டு வேண்டும். தொட்டியின் இரு கோடியிலும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் சுலபம், கணவன் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கம். தனி ஆள் என்றால், பெரியதற்கு முதலில் கொடுத்து அதன் வாய் நிறைந்திருக்கும்போதே மறுகோடிக்குப் போய்ச் சிறியதற்குக் கொடுத்துவிடலாம். இறாலைத் தொட்டிக்குள் தூக்கிப் போட்டுவிட்டுத் 'தேடித் தின்னட்டும்' என்று போய்விடுவதுதான் ஆபத்து. வாசனை நீர் முழுவதும் பரவி, இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேரும்.

தீனிக்குப் பெரிய செலவு இல்லை. தஞ்சோங் டாவாய்க்கோ கோலக் கெடாவுக்கோ போகும்போது நமக்கு வாங்கும் இறால், கணவாயில் கொஞ்சம் எடுத்து, உப்பு மசாலா படாமல் சிறு பொட்டலமாக உறைய வைத்தால் போதும். கோழி, மாட்டிறைச்சி வேண்டாம். ஒரே தீனியையே மாதக்கணக்கில் கொடுக்கவும் வேண்டாம், வைட்டமின் குறைபாடு வரும். வளர்ந்ததற்கு வாரம் இரண்டு முறை போதும். கூலிம் ஹைடெக் பார்க்கில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது வசதியான பிராணி என்றே சொல்லலாம். பகலெல்லாம் பொந்தில் கிடக்கும், நாம் இரவு வீடு திரும்பும்போதுதான் வெளியே உலாவும். புதிதாக வந்தது ஒரு வாரம், இரண்டு வாரம்கூடச் சாப்பிடாமல் கிடக்கலாம். பதற்றப்பட்டு வாயில் திணிக்காதீர்கள்.

இடம், எடை, மூடி

பழைய ரோமாபுரிப் பணக்காரர்களுக்கு அஞ்சாலைப் பைத்தியம் இருந்தது. ஹிர்ரியஸ் என்பவர் சீசரின் வெற்றி விருந்துகளுக்கு 6,000 அஞ்சாலைகளைக் கடனாகக் கொடுத்தார் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். கிராசஸ் என்ற பேச்சாளர், தான் வளர்த்த அஞ்சாலை செத்தபோது துக்கம் காத்தார். அதைக் கேலி செய்தவரிடம், "நீ மூன்று மனைவிகளைப் புதைத்தும் அழவில்லையே" என்று திருப்பிக் கேட்டாராம். ஆயிரக்கணக்கில் சேர்த்து வளர்க்க அவர்களிடம் கடலை ஒட்டிய குளங்கள் இருந்தன. நம்மிடம் இருப்பது கண்ணாடித் தொட்டி.

ஒரு ஸ்நோஃப்ளேக் தனியாக வாழக் குறைந்தது 300 லிட்டர். ஸ்நோஃப்ளேக்கும் சீப்ராவும் சேர்ந்து வாழ 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று கணக்கு வையுங்கள். அது ஏறக்குறைய 680 லிட்டர். நீர் மட்டுமே 700 கிலோ. அடுக்குமாடியில் இருப்பவர்கள் தளம் தாங்குமா என்று கேட்காமல் வைக்கக் கூடாது. லிட்டருக்கு 35 கிராம் வீதம் முதல் நாளே 24 கிலோ கடல் உப்புக் கலவை தேவைப்படும். அஞ்சாலை தின்பது அதிகம், கழிப்பதும் அதிகம். நல்ல புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லாமலும் தவறாமல் நீர் மாற்றாமலும் முடியாது. தொட்டி தயாராகி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை எதையும் விடக் கூடாது. நம் ஊர் மதிய வெயிலில் மூடிய வீட்டுக்குள் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். 27 டிகிரியை ஒட்டி நிறுத்த சில்லர் வேண்டும். மின்சாரக் கட்டணத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஆளுக்கு ஒன்று என்றில்லாமல், இரண்டுக்கு நான்கு பொந்தாவது இருக்கட்டும். பிவிசி குழாய்த் துண்டுகளே போதும். பாறைகளை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்தில் ஊன்றி வைத்து அதன்பிறகு மணலைக் கொட்டுங்கள். அஞ்சாலை தோண்டும், பாறை சரிந்தால் அதன்மேலேயே விழும். மூடி மிக முக்கியம். விரல் நுழையும் இடைவெளியில் தலை நுழையும், தலை நுழைந்தால் உடம்பும் வெளியே வரும். குழாய், கம்பி போகும் ஓட்டைகளையும் வலை வைத்து அடைத்து, மூடிமேல் பாரம் வைக்க வேண்டும். காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும் அஞ்சாலையைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம்.

இரண்டையும் ஒரே நாளில் விடுவது நல்லது. முடியாவிட்டால் சிறியது முதலில், பெரியது பிறகு. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றால், அதற்கு வயிறு நிறையக் கொடுத்து, பாறைகளை இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுங்கள். நடுவில் ஓட்டை போட்ட தடுப்பு வைத்து ஒரு வாரம் ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகட்டும் என்று விடுவது இன்னும் உத்தமம். இரண்டுக்கும் உடல் பருமனில் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. கோமாளி மீன் போன்ற சிறு மீன்களும் நண்டு, இறால்களும் அதே தொட்டியில் இருந்தால், அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

வாங்கக் கூடாதவை

நீல உடம்பும் மஞ்சள் முதுகுத் துடுப்புமாய் ரிப்பன்போல நெளியும் அஞ்சாலை ஒன்று கடைக்கு வரும். பார்த்தவுடன் மனம் போய்விடும். வேண்டாம். பெரும்பாலானவை தொட்டியில் சாப்பிட மறுத்து மெலிந்து சாகின்றன. 'நன்னீர் மோரே' என்று விற்பதையும் நம்பாதீர்கள். அவை முகத்துவார உப்புத் தண்ணீர்ப் பிராணிகள், குழாய்த் தண்ணீரில் நாளடைவில் நலிந்துவிடும்.

கடையில் இருக்கும் அஞ்சாலைகள் ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடித்தவை. அவற்றின் குஞ்சுகள் கண்ணாடி இலைபோல ஒளி ஊடுருவும் உடம்போடு மாதக்கணக்கில் நடுக்கடலில் மிதந்து வளர்பவை. அதை வீட்டில் செய்துகாட்ட முடியாது. அப்படியானால் நாமே பிடித்துக்கொள்ளலாமே என்று லங்காவிக்குத் தெற்கே உள்ள பாயார் தீவுப் பக்கம் யாரும் போக வேண்டாம். பாயார், லெம்பு, காசா, செகாந்தாங் ஆகிய நான்கு தீவுகளும் கடல் பூங்கா. கரையிலிருந்து 2 கடல் மைல் வரை எதையும் பிடிக்கவோ எடுக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. பார்க்க மட்டும் போகலாம். வேண்டாத அஞ்சாலையைக் கொண்டுபோய்க் கடலில் விடுவதும் தவறு, தொட்டி நோய்கள் கூடவே போகும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஓர் அஞ்சாலை பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழும். இன்று 25 வயதில் வாங்குபவர் கல்யாணம் ஆகி, வேலை மாறி, பினாங்குக்கோ ஜொகூருக்கோ வீடு மாறும்போதும் அது கூடவே வரும். அதனால் கடைக்காரரிடம் விலை பேசும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "ஒத்துப் போகவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" இல்லை என்று சொன்னால் இரண்டாவதை வாங்காதீர்கள். சரி என்று சொன்னாலும், 100 லிட்டர் தொட்டி ஒன்றை மூடியோடு தயாராக வைத்திருங்கள். முதல் வாரத்தில் தினமும் இரவு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று நீர்மட்டத்துக்குப் பக்கத்து மூலையிலேயே ஒதுங்கி நின்றாலோ, வாலில் கடித்த அடையாளம் தெரிந்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே பிரித்துவிட வேண்டும்.