'குரங்கணி போகலாமா?' - கூகுள் பெட்டியில் உங்க பதில் வரணுமா?

வெள்ளிக்கிழமை ராத்திரி. மதுரையில் நாலு நண்பர்கள், கையில் ரெண்டு நாள் லீவு. "மச்சி, குரங்கணி போலாமாடா?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் போனை எடுத்து 'குரங்கணி ட்ரெக்கிங் அனுமதி உண்டா' என்று தட்டுகிறார். வரிசையாக லிங்க்குகள் வருகின்றன. அதற்கெல்லாம் மேலே ஒரு பெட்டி, அதற்குள் மூன்று வரியில் பதில். அவ்வளவுதான், அதுக்குக் கீழே யாரும் போறதில்லை.

இந்தப் பெட்டிக்கு 'ஃபீச்சர்டு ஸ்னிப்பெட்' என்று பெயர். 2014-லிருந்து கூகுள் இதைக் காட்டிவருகிறது. அதில் இருப்பது கூகுள் எழுதிய பதில் கிடையாது. யாரோ ஒருவரின் வெப்சைட்டிலிருந்து ஒரு பத்தியை மட்டும் பிய்த்து மேலே வைக்கிறது. போடியில் ஹோம்ஸ்டே நடத்துபவர், ஜீப் ஓட்டுபவர், ஏலக்காய் விற்பவர்... யாருடைய பக்கமாகவும் அது இருக்கலாம். காசு கொடுத்து அந்த இடத்தை வாங்க முடியாது. 'என் பக்கத்தைப் போடு' என்று கூகுளிடம் கேட்கவும் வழி இல்லை. தேடலில் ஏற்கெனவே முன்னால் வரும் பக்கங்களிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கும்.

பிறகு நம்ம கையில் என்ன இருக்கு? எழுதுற விதம் இருக்கு.

நம் சுற்றுலாப் பக்கங்கள் பலவும் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? 'மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், மேகங்கள் தவழ...' (எங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்!) ஐந்து பத்தி தாண்டிய பிறகுதான் போடியிலிருந்து எப்படிப் போவது என்று வரும். கூகுளுக்கு அந்த மேகம் தேவையில்லை. மக்கள் கேட்கிற கேள்வியை அப்படியே சப்-ஹெட்டிங்காக வைங்க. அடுத்த வரியிலேயே பதில் வரட்டும், இரண்டு மூன்று வாக்கியத்தில். மேகத்தை அதுக்குக் கீழே தவழ விடுங்க.

மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசம். உங்கள் பக்கம் எந்தெந்தத் தேடலில் வந்தது என்று அது காட்டும். குரங்கணியை 'குரங்கனி' என்று தேடுவோர் உண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோரும் ஏராளம். ஹோம்ஸ்டேவுக்கு வருபவர்கள் போனில் முதலில் கேட்கிற கேள்விகளையும் ஒரு நோட்டில் எழுதி வைங்க. அதைவிட நல்ல லிஸ்ட் கிடைக்காது.

விலை மாதிரி விஷயங்களுக்கு டேபிள்தான் சரி. போடியில் நடக்கும் ஏலக்காய் இ-ஏல விலையை ஒருவர் தினமும் வெளியிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேதி, சராசரி விலை, அதிகபட்ச விலை என்று டேபிளாகப் போட்டால் கூகுள் அதை அப்படியே எடுக்க வாய்ப்பு அதிகம். அதையே போஸ்டர் டிசைன் பண்ணி போட்டோவாகப் போட்டால், வாட்ஸ்அப்பில் ஷேர் ஆகும், பெட்டிக்கு வராது.

இதுவரை சொன்னது பெட்டிக்குள் போகும் வழி. போன பிறகுதான் உண்மையான சிக்கலே. உங்கள் பத்தி தனியாக நிற்கும். மேலே நீங்கள் சொன்ன எச்சரிக்கை, கீழே போட்ட குறிப்பு எதுவும் கூட வராது.

'கொழுக்குமலை எந்த மாநிலம்?' என்ற கேள்வியையே எடுங்க. 'தமிழ்நாடு, தேனி மாவட்டம்' என்பது சரியான பதில்தான். ஆனால், ஜீப் பாதை கேரளாவின் சூரியநெல்லி வழியாகப் போகிறது. முதல் பாதியை மட்டும் படித்தவர், போடியிலிருந்து நேராகக் கார் ஏறும் என்று கிளம்பிவிடுவார்.

இதில் போவது ஒரு நாள் அலைச்சல். ட்ரெக்கிங் அப்படியில்லை. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகளையே அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கி, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் முறை வந்தது. இந்த ஊரைப் பற்றி எழுதும் பக்கத்திலிருந்து 'குரங்கணியில் ட்ரெக்கிங் போகலாம்' என்ற ஒற்றை வரி மட்டும் பெட்டிக்குப் போனால் எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

கூகுள் சரிபார்த்துத்தானே போடும் என்று நம்பவும் வேண்டாம். 2021 ஜூனில், 'இந்தியாவின் அசிங்கமான மொழி எது' என்ற தேடலுக்கு ஏதோ ஒரு பக்கத்திலிருந்து 'கன்னடம்' என்று எடுத்துக் காட்டியது. கர்நாடகமே கொதித்த பிறகு கூகுள் மன்னிப்புக் கேட்டது.

அதனால், நிபந்தனையையும் பதிலுக்குள்ளேயே வைத்துத் தைக்கணும். இப்படி: 'குரங்கணி மலைப்பாதைகளில் ட்ரெக்கிங் செல்ல வனத்துறை அனுமதி கட்டாயம். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகள் மூடப்படலாம். கிளம்பும் முன் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் அன்றைய நிலையைப் பார்க்கவும்.' மூணே வரி. எதை வெட்டி எடுத்தாலும் ஆபத்தில்லை.

'எல்லாத்தையும் பெட்டியிலேயே சொல்லிட்டா, என் பக்கத்துக்கு யார் வருவாங்க?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். சிலர் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். 2024 ஆகஸ்ட்டில் இந்தியாவுக்கு வந்த 'ஏஐ ஓவர்வியூ' இதை இன்னும் அதிகமாக்கியிருக்கிறது. அது பல பக்கங்களைக் கலந்து தானே ஒரு பதிலை எழுதிவிடும். ஒரு பத்தியை எடுக்கவே கூடாது என்றால், அதற்கு 'டேட்டா-நோஸ்னிப்பெட்' என்ற குறியீடு இருக்கிறது. வெப்சைட் செய்துகொடுத்தவரிடம் சொன்னால் போட்டுத்தருவார். ரூம் புகைப்படங்கள், சாப்பாடு, ஜீப் வாடகை பேரம் இதுக்கெல்லாம் ஆட்கள் எப்படியும் உள்ளே வந்துதான் ஆகணும்.

இன்னொன்று. நீங்கள் பத்தியை மாற்றினாலும், கூகுள் மறுபடி வந்து பார்க்கும் வரை பழைய பதிலே பெட்டியில் தொங்கலாம். பாதை மூடப்பட்ட செய்தி வந்த அன்றே பக்கத்தைத் திருத்திவிட்டு, சர்ச் கன்சோலில் அந்த லிங்க்கைக் கொடுத்து 'மறுபடி பார்' என்று கோரிக்கை வையுங்கள். ரெண்டு நிமிஷ வேலை, போனிலேயே முடியும்.