வட்டம், முக்கோணம்: விலை ரூ.51¾ கோடி!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பொழுது விடிந்ததும் பெண்கள் வாசல் தெளிக்கிறார்கள். புள்ளி வைக்கிறார்கள். புள்ளியைச் சுற்றிக் கோடு இழுக்கிறார்கள். சிறிது நேரத்தில் சதுரமும் வட்டமும் முக்கோணமும் தரையில் வந்துவிடுகின்றன.

"இது என்ன படம்?" என்று யாரும் கேட்பதில்லை. அது ஆளும் அல்ல, மரமும் அல்ல. பார்க்க அழகாக இருக்கிறது. அது போதும். வெயில் ஏறுவதற்குள் ஆள் நடமாட்டத்தில் அழிந்தும் போகிறது. அதற்கு விலை கிடையாது.

அதே வட்டத்தையும் முக்கோணத்தையும் ஓர் ஓவியர் வர்ணத்தில் தீட்டினார். அந்தப் படம் 2023-ம் ஆண்டு மும்பையில் ஏலம் போனது. விலை 51¾ கோடி ரூபாய்!

பணம் யாருக்கு?

அந்த ஓவியர் எஸ்.எச்.ரசா. மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். பாரிஸ் நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவர். படத்தை அவர் தீட்டியது 1989-ல். ஏலம் நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. 2016-லேயே காலமாகிவிட்டார்.

ஏலத்தில் கிடைக்கும் பணம், படத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தவருக்குப் போகும். அப்படியானால், தீட்டுகிற ஓவியருக்கு உயிரோடு இருக்கும்போதே இந்தக் கோடும் வட்டமும் சோறு போடுமா?

இந்தக் கேள்வி 1960-களில் சென்னை ஓவியர்களை வாட்டியது. சாமி படமும் இயற்கைக் காட்சியும் வாங்க ஆள் இருந்தது. புதுமாதிரிப் படங்களை வாங்க ஆள் இல்லை. ஓவியம் படித்த இளைஞர்கள் வயிற்றுக்காக வேறு வேலை தேடிப் போனார்கள்.

தந்தி இலாகாவில் இருந்தவர்

அப்போது சென்னை அரசினர் ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். இளம் வயதில் தந்தையை இழந்தார். குடும்பத்தைக் காப்பாற்றத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பிறகுதான் ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தார். வறுமை அவருக்குப் புதிது அல்ல.

1963-ம் ஆண்டு வாக்கில் ஒரு மாணவரின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் பட்டது. எண்கள், எழுத்துகள், கணக்குக்காகப் போட்ட கோடுகள்! மற்றவர்களுக்கு அது வெறும் கணக்கு. பணிக்கருக்கு அது படமாகத் தெரிந்தது. எழுத்தும் குறியும் கட்டமும் கலந்து, வரிசையாகப் பல படங்கள் தீட்டினார். அவருக்குப் பெரும்புகழ் தந்தவை அந்தப் படங்களே.

மெழுகு கொடுத்த நிலம்

மாணவர்களின் பிழைப்புக்கு அவர் ஒரு வழி சொன்னார். கைத்தொழில் செய்யுங்கள், அந்த வருமானத்தில் வாழுங்கள், படத்தை யாருக்காகவும் மாற்றாமல் தீட்டுங்கள் என்பதே அந்த வழி.

ஓவியர்கள் சங்கமாகக் கூடினார்கள். 'பத்திக்' துணி செய்தார்கள். துணியில் உருக்கிய மெழுகால் படம் வரைந்து, சாயத்தில் முக்குவது இந்தத் தொழில். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை எடுத்துவிட்டால் படம் பளிச்சென்று தெரியும்.

படம் விற்கவில்லை, துணி விற்றது! அந்தப் பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் அருகில் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் அங்கே ஓவியர் கிராமம் பிறந்தது. பெயர் சோழமண்டலம்.

சோழர் தலைநகராக இருந்த கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தச் சோழ நாட்டின் பெயரையே ஓவியர்கள் தங்கள் கிராமத்துக்குச் சூட்டினார்கள்.

அங்கே சேர்ந்தவர்களில் கே.வி.அரிதாசன், யந்திரத் தகடுகளில் காண்பது போன்ற வடிவங்களைத் தீட்டிப் பெயர் பெற்றார். விசுவநாதன் பாரிஸ் சென்று, சதுரமும் முக்கோணமும் தீட்டிப் புகழ் அடைந்தார். பணிக்கர் 1977-ல் மறைந்தார். கிராமம் மறையவில்லை. இன்றும் அங்கே ஓவியக் கூடம் இருக்கிறது. படங்கள் விலைக்கும் கிடைக்கின்றன.

வாங்கும் முன்

அசல் படம் ஒன்றுதான் இருக்கும். அதைப் பார்த்து அச்சடித்த படம் ஆயிரம் இருக்கலாம். ஆகவே, அசல் என்று சொல்லி விற்றால், முன்புறமோ பின்புறமோ ஓவியரின் கையெழுத்தும் தீட்டிய ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். படத்தின் பெயர், அளவு, வர்ணத்தின் வகை ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நாளைக்குக் கோடி வரும் என்று எண்ணி வாங்க வேண்டாம். எல்லாப் படமும் ஏலத்தில் ஏறாது. வீட்டுச் சுவரில் தினமும் பார்க்கப் போகும் படம் அது. கண்ணுக்குப் பிடித்தால் வாங்குங்கள்.

முடிந்தால் ஓவியரிடமே வாங்குங்கள். அந்தப் பணம் நேராக அவர் வீட்டு அடுப்பை எரிய வைக்கும்.