சக்கரத்தின் சாவி எங்கே?

கார் சாவி எங்கே என்று கேட்டால் உடனே பையைத் தொட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் சாவி எங்கே என்று கேட்டால்? வானொலி நிகழ்ச்சியில் ஒருநாள் நேயர்களிடம் இதைக் கேட்டேன். "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்றுதான் பலரும் திருப்பிக் கேட்டார்கள்.

இருக்கிறது. ஸ்போர்ட் ரிம் திருடு போகாமலிருக்க, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள 4 அல்லது 5 நட்டுகளில் ஒன்றைப் பூட்டு நட்டாகப் போடுவார்கள். சாதாரண ஸ்பேனர் அதைப் பிடிக்காது. அதன் தலையில் பூ இதழ் போலவோ நெளிகோடு போலவோ ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குப் பொருந்தும் சிறிய இரும்புத் துண்டுதான் சாவி. அதை நட்டில் செருகி, அதன்மேல் ஸ்பேனரை மாட்டித் திருப்ப வேண்டும். பொதுவாக நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சாவிதான்.

திருடனுக்காகப் போட்ட பூட்டு, சாவி தொலைந்த நாளில் நமக்கே பூட்டாகிவிடும்.

தோட்டத்துப் பாதையில் நின்றால்...

தலைநகரில் டயர் பஞ்சரானால் அடுத்த சந்திப்பிலேயே ஒரு பட்டறை இருக்கும். கோலசிலாங்கூர் பக்கம் கதை வேறு. நாட்டில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டம், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆண்டு 1917. இங்குள்ள உட்பாதைகள் குலை ஏற்றும் லாரிகளுக்காகப் போடப்பட்டவை. மழை பெய்தால் குழி, வெயில் அடித்தால் புழுதி. ஆறு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் இருக்காது. சில இடங்களில் கைப்பேசிக்குக் கோடும் கிடைக்காது.

வார இறுதியில் அப்பா அம்மாவைப் பார்க்க வரும் பிள்ளைகளும், கம்போங் குவாந்தானில் மின்மினி பார்த்துவிட்டு இரவில் திரும்பும் குடும்பங்களும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். உள்தோட்டத்தில் இருப்பவருக்கு நள்ளிரவில் மூச்சு முட்டினால், தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் போக வீட்டுக் கார்தான் கைகொடுக்கும். அந்தக் காரின் சக்கரம் கழலுமா என்பது பகலிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

நட்டு ஏன் சிக்குகிறது?

பெஸ்தாரி ஜெயாவில் பல ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் ஓர் அண்ணனிடம் கேட்டேன். கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, நட்டு சும்மா சிக்காது. அவசரத்துல துப்பாக்கி வச்சு இறுக்கிடுறாங்க. கழட்டும்போதும் சாவி மேலயே துப்பாக்கிய வச்சு அடிச்சா, சாவியோட பல்லு போயிடும்."

அவர் சொன்ன துப்பாக்கி, டயர் கடைகளில் 'டர்ர்ர்' என்று சத்தம் போடும் காற்றழுத்தக் கருவி. பல சிறிய கார்களின் நட்டுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அரை மீட்டர் நீளமுள்ள பிடியின் முனையில் 20 கிலோ எடையை வைத்து அழுத்துவதற்குச் சமம் அது. கருவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இறுக்கம் இதைப்போல் இரண்டு, மூன்று மடங்காகிவிடும். அப்புறம் பிடியின் மேல் ஓர் ஆளே ஏறி நின்றால்தான் அசையும்.

அடுத்தது துரு. ஜெராம் முதல் சபாக் பெர்ணம் வரை கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மூன்றாவது செம்மண். சேறு பள்ளத்தில் காய்ந்து இறுகிவிட்டால் சாவி முழுசாக உள்ளே இறங்காது. அரைகுறையாக இறங்கிய சாவியைத் திருப்பினால் வழுக்கும். வழுக்கினால் பள்ளம் மழுங்கும்.

சிக்கிவிட்டால் என்ன செய்வது?

காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ அணை கொடுங்கள். பழைய பல்துலக்கியால் பள்ளத்திலுள்ள மண்ணைச் சுத்தமாக எடுங்கள். துரு தெரிந்தால் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சமாக அடித்து, கால் மணி நேரம் விடுங்கள். எண்ணெய் பிரேக் தட்டில் படக்கூடாது. சாவியைச் செருகி, சுத்தியலால் லேசாகத் தட்டி முழுசாக உட்கார வையுங்கள். பிறகு நீளப்பிடி ஸ்பேனரை மாட்டி, சாவி சாயாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சீராக அழுத்துங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட வேண்டும். ஜேக் வைப்பது அதற்குப் பிறகுதான். செம்மண் தரையில் ஜேக் புதையும். அடியில் ஒரு பலகை வையுங்கள்.

சாவி ஒருமுறை வழுக்கினாலே நிறுத்திவிடுங்கள். பட்டறையில் இதற்கென்றே உட்புறம் இடதுசுற்றுப் பல் வைத்த கழற்றி இருக்கிறது. அதை நட்டின் மேல் அடித்து இறக்கித் திருப்பினால், திருப்பத் திருப்ப இன்னும் இறுக்கிக் கடிக்கும். அதுவும் பிடிக்காவிட்டால், அனுபவமுள்ளவர் துளை போட்டு எடுப்பார். வீட்டில் யாராவது நெருப்பு வைத்துச் சூடாக்கலாம் என்றால் விடாதீர்கள். காற்றுள்ள டயர் சூடேறினால் வெடித்து உயிரையே பறிக்கும்.

கழற்றியபின் சாதாரண நட்டு போட்டால் போதும் என்று முடிவு செய்தால், புரி அளவு மட்டும் பொருந்தினால் போதாது. அடிப்பாகமும் ரிம்முக்குப் பொருந்த வேண்டும். டொயோட்டா, பெரோடுவா நட்டுகளில் பலவற்றின் அடி கூம்பாக இருக்கும். ஹோண்டாவின் ஒரிஜினல் ரிம் பலவற்றுக்கு உருண்டை அடி வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடும்போதே சக்கரம் தளரும்.

வாங்கும்போதே கேளுங்கள்

முதல் சம்பளத்தில் பழைய கார் வாங்கும் இளையோர் பலர் இருக்கிறார்கள். இன்ஜின், கிலோமீட்டர், ஏர்கோண்ட் எல்லாம் பார்ப்பீர்கள். கூடவே நான்கு சக்கரங்களையும் குனிந்து பாருங்கள். ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தால், சாவியைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். வாங்கிய சாவியை அங்கேயே போட்டுத் திருப்பிப் பாருங்கள். சாவியிலோ அதனுடன் வரும் அட்டையிலோ குறியீட்டு எண் இருந்தால், கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி கேட்க அந்த எண் உதவும்.

டயர் கடைக்குப் போகும்போது இரண்டு வேண்டுகோள்: "பூட்டு நட்டைக் கையால் கழற்றுங்கள்", "கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் பாருங்கள்." வேலை முடிந்ததும் சாவியைக் கேட்டு வாங்குங்கள். அது ஸ்பேனரோடு ஒட்டிக்கொண்டு கடையிலேயே தங்கிவிடுவது வழக்கம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

இன்று ஞாயிறு. பூட்டைத் திறந்து, ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் தேடுங்கள். முன்னிருக்கை டாஷ்போர்டுப் பெட்டியிலும் பாருங்கள். சாவி கிடைத்தால் எங்கே வைத்தீர்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்கள். கிடைக்காவிட்டால் நாளை பகலிலேயே பட்டறைக்குப் போய் அந்த நான்கு நட்டுகளையும் மாற்றிவிடுங்கள்.