விற்று வாங்கும் வேகம்: ஃபண்டின் திறமையை டர்ன்ஓவர் சொல்லுமா?

1935 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு முதலீட்டுத் திட்டம் பிறந்தது. பெயர், கார்ப்பரேட் லீடர்ஸ் டிரஸ்ட். அந்தக் காலத்தின் 30 பெரிய நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் பங்குகளை வாங்கி வைத்தார்கள். அதன் பிறகு புதிதாக எந்த நிறுவனத்தையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று விதி எழுதினார்கள். முதலீட்டாளர்கள் புதிதாகப் பணம் போட்டால் அதே பங்குகளைத்தான் மேலும் வாங்க வேண்டும். ஒரு நிறுவனம் நொடித்துப்போனாலோ, டிவிடெண்ட் நின்றுபோனாலோ, அதுபோன்ற மிகச் சில காரணங்களுக்காக மட்டுமே விற்கலாம். பெருமந்தத்தின் காயம் ஆறாத நேரம் அது. சந்தையைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் மீது மக்களுக்கு நம்பிக்கை போயிருந்தது.

அந்தத் திட்டம் நிர்வாக நிறுவனங்கள் பலவற்றின் கை மாறி, பின்னாளில் ‘வோயா’ என்ற பெயரோடு 80 ஆண்டுகளைத் தாண்டியும் ஓடியது. உள்ளே இருந்த பங்குகள் தாமாகவே உருமாறின. ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் நியூஜெர்சி, எக்ஸான் மொபில் ஆயிற்று. சாண்டா ஃபே ரயில்வே, பர்லிங்டன் நார்தர்னோடு இணைந்தது. அதை 2010-ல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே வாங்கியபோது, டிரஸ்ட் கையில் பெர்க்‌ஷயர் பங்கு வந்து சேர்ந்தது. யாரும் அதைத் தேடிப் போய் வாங்கவில்லை. மறுபக்கம், மைக்ரோசாஃப்ட்டோ ஆப்பிளோ இந்தத் திட்டத்துக்குள் நுழைய வழியே இல்லாமல் போனது. கை வைக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் இதே திட்டம்தான் காட்டியது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்பவர் பீட்டர் லிஞ்ச். 1977 முதல் 1990 வரை ஃபிடிலிட்டியின் மெகல்லன் ஃபண்டை நடத்தி, ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 29 சதவிகித வருமானம் கொடுத்தவர். அவருடைய தொடக்க ஆண்டுகளில் அந்த ஃபண்டின் டர்ன்ஓவர் 300 சதவிகிதத்துக்கும் மேல். அதாவது, கையில் இருந்த பங்குகள் மொத்தமும் ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் மாறிய கணக்கு!

ஒன்று அசையவே இல்லை. இன்னொன்று ஓயவே இல்லை. இரண்டும் முதலீட்டாளர்களுக்கு நன்மை செய்தன. அப்படியானால், மியூச்சுவல் ஃபண்டின் மாத ஃபேக்ட் ஷீட்டில் சிறிய எழுத்தில் ‘போர்ட்ஃபோலியோ டர்ன்ஓவர்’ என்று அச்சிடப்படும் அந்த எண், ஃபண்டின் திறமையைப் பற்றி நமக்கு என்னதான் சொல்கிறது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு ஃபண்டின் ஓராண்டுச் சராசரிச் சொத்து மதிப்பு 1,000 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் 900 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருக்கிறது. 600 கோடி ரூபாய்க்கு விற்றிருக்கிறது. இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 600-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.6, அதாவது 60 சதவிகிதம். ஒரு பங்கு சராசரியாக 20 மாதங்கள் ஃபண்டின் கையில் இருக்கிறது என்று இதிலிருந்து தோராயமாகச் சொல்லலாம். சில நிறுவனங்கள் இதை 0.6 என்று மடங்கில் போடும். சில 60% என்று போடும். இரண்டு ஃபேக்ட் ஷீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இதை மறந்தால் கணக்கு நூறு மடங்கு பிசகிவிடும்.

குறைவானதை ஏன் எடுக்க வேண்டும்? எஸ்.ஐ.பி. வழியாக மாதாமாதம் புதுப்பணம் வந்து குவியும் ஃபண்ட், அந்தப் பணத்துக்குப் பங்கு வாங்கித்தான் ஆக வேண்டும். அது மேனேஜர் மனம் மாறியதால் வந்த வாங்கல் இல்லை. அதேபோல், முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டால் விற்றுத்தான் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் கழித்துவிட்டு, ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கியது எவ்வளவு என்று மட்டும் பார்க்கவே இந்த ஏற்பாடு. ஆனால் பணம் மளமளவென்று வரும் காலத்தில் வகுக்கும் எண்ணான சொத்து மதிப்பும் வீங்கிக்கொண்டே போகிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் துறையின் மொத்தச் சொத்து 2014-ல் 10 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது; 2023 டிசம்பரில் 50 லட்சம் கோடியைத் தாண்டியது. இப்படிப்பட்ட வளர்ச்சியில், மேனேஜர் முன்பு போலவே அதே ரூபாய் அளவுக்கு விற்று வாங்கினாலும் டர்ன்ஓவர் குறைந்தது போலத் தெரியும்.

குழப்பம் பெரும்பாலும் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. நிறுவனங்களின் கணக்கைப் படிக்கும்போது ‘அசெட் டர்ன்ஓவர்’ என்று ஒரு விகிதம் வரும். ஆண்டு விற்பனையை மொத்தச் சொத்தால் வகுத்தால் கிடைப்பது. 1910-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் என்ற நிதி அதிகாரி, லாப விகிதத்தோடு இதைப் பெருக்கி முதலீட்டின் மீதான வருமானத்தைக் காணும் வழியை வகுத்தார். அங்கே கணக்கு தெளிவானது. மளிகைக் கடையில் சரக்கு மாதம் ஒருமுறை தீர்வதைவிட வாரம் ஒருமுறை தீர்ந்தால் கடைக்காரருக்கு நல்லது; ஒவ்வொரு முறை சரக்கு தீரும்போதும் அவருக்கு லாபம் வருகிறது. இந்தப் பழக்கத்தோடு ஃபண்டின் டர்ன்ஓவரைப் பார்ப்பவர்கள், எண் பெரிதாக இருந்தால் மேனேஜர் சுறுசுறுப்பானவர் என்று நினைத்துவிடுகிறார்கள். ஃபண்டுக்கு ஒவ்வொரு கைமாறலும் முதலில் செலவு. லாபம் வருமா என்பது பின்னால்தான் தெரியும்.

அந்தச் செலவு எவ்வளவு? டெலிவரி எடுக்கும் பங்குகளுக்குப் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது 0.1 சதவிகிதம், விற்கும்போது 0.1 சதவிகிதம். 2020 ஜூலை முதல் வாங்கும்போது 0.015 சதவிகிதம் முத்திரைக் கட்டணம். நம் 1,000 கோடி ஃபண்ட் 60 சதவிகித டர்ன்ஓவரில் 600 கோடியை விற்று, அதே தொகைக்கு வேறு பங்கு வாங்கினால், இந்த இரண்டுக்கு மட்டும் 1.29 கோடி ரூபாய் போகும். டர்ன்ஓவர் 200 சதவிகிதமானால் 4.3 கோடி ரூபாய்; சொத்து மதிப்பில் 0.43 சதவிகிதம். புரோக்கரேஜ் தனி. அதற்கு செபி நீண்ட காலம் வைத்திருந்த உச்சவரம்பு, பங்குச் சந்தை வர்த்தகத்தில் 100 ரூபாய்க்கு 12 பைசா. 2025 டிசம்பரில் செபியின் நிர்வாகக் குழு இதை வரிகள் நீங்கலாக 6 பைசாவாகக் குறைக்க ஒப்புதல் கொடுத்தது.

இங்கேதான் முதலீட்டாளர் கூர்ந்து கவனிக்க வேண்டும். பரிவர்த்தனை வரியும், செபி வரம்புக்கு உட்பட்ட புரோக்கரேஜும் பங்கின் அடக்க விலையோடு சேர்க்கப்பட்டு வந்தவை. விற்கும்போது கிடைக்கும் தொகையிலிருந்து கழிக்கப்பட்டு வந்தவை. ஃபண்டின் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ 0.7 சதவிகிதம் என்று விளம்பரத்தில் பார்த்து, செலவு அவ்வளவுதான் என்று நினைத்திருப்போம். விற்று வாங்கும் செலவு அந்த எண்ணில் முழுதாக வராது. என்.ஏ.வி.யில் சத்தமில்லாமல் கரைந்திருக்கும். டைரக்ட் பிளானா, ரெகுலர் பிளானா என்று அரை சதவிகிதத்துக்குக் கணக்குப் பார்க்கும் அக்கறையான முதலீட்டாளர்கள்கூட இந்த அரை சதவிகிதத்தைப் பார்ப்பதில்லை. எளிதாகப் பார்க்கக் கிடைக்கும் ஜன்னல், டர்ன்ஓவர் எண்தான்.

ரசீதில் வராத செலவு இன்னொன்றும் இருக்கிறது. சிறிய நிறுவனம் ஒன்றின் பங்கை 50 கோடி ரூபாய்க்கு ஒரு ஃபண்ட் வாங்கப் புகுந்தால், வாங்க வாங்க விலை ஏறும். விற்கப் போனால், விற்க விற்க இறங்கும். நினைத்த விலைக்கும் முடிந்த விலைக்கும் உள்ள இந்த இடைவெளியை ‘இம்பாக்ட் காஸ்ட்’ என்பார்கள். லார்ஜ்கேப் பங்குகளில் இது பெரிதாகத் தெரியாது. ஸ்மால்கேப்பில் வரியையும் புரோக்கரேஜையும் விழுங்கிவிடும் அளவுக்கு இருக்கும். 2024 மார்ச்சில் மிட்கேப், ஸ்மால்கேப் திட்டங்கள் தங்கள் பங்குகளில் பாதியை விற்றுப் பணமாக்க எத்தனை நாள் ஆகும் என்று வெளியிடத் தொடங்கின. பெரிய ஸ்மால்கேப் திட்டங்கள் சிலவற்றுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட திட்டத்தின் டர்ன்ஓவர் எண் பெரிதாக இருந்தால், அதைப் பற்றிக் கேள்வி கேட்கவே வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1962 முதல் 1993 வரையிலான அமெரிக்கப் பங்கு ஃபண்டுகளை ஆராய்ந்த மார்க் கார்ஹார்ட், வர்த்தகம் செய்த மதிப்பில் ஏறக்குறைய 0.95 சதவிகிதம் வருமானத்தில் குறைகிறது என்று 1997-ல் எழுதினார். தனிநபர்களைப் பற்றி பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் செய்த ஆய்வு இன்னும் பேசப்படுகிறது. 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். மிக அதிகமாக விற்று வாங்கியவர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 11.4 சதவிகிதம், அதே காலத்தில் சந்தை கொடுத்தது 17.9 சதவிகிதம்.

இத்தோடு தீர்ப்பு எழுதிவிடலாம் என்று தோன்றும். 2017-ல் பாஸ்டர், ஸ்டாம்பாக், டெய்லர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு அதைத் தடுத்தது. அவர்கள் ஒரு ஃபண்டை இன்னொரு ஃபண்டோடு ஒப்பிடுவதோடு நிற்காமல், ஒவ்வொரு ஃபண்டையும் அதன் சொந்தக் கடந்த காலத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரு ஃபண்ட் தன் வழக்கத்தைவிட அதிகமாக விற்று வாங்கிய காலத்தை அடுத்து, அதற்குச் சராசரியில் கூடுதல் வருமானம் வந்திருந்தது. நல்ல வாய்ப்புகள் அதிகம் கண்ணில் படும்போது நல்ல மேனேஜர் அதிகம் இயங்குகிறார் என்பது அவர்களின் விளக்கம். ஆகவே டர்ன்ஓவரைத் திறமைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது இரு பக்கமும் தவறு. அது மேனேஜரின் நடத்தையைக் காட்டும் பதிவு. அந்த நடத்தை, சொன்ன சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அதன் உண்மையான பயன்.

சில ஃபண்டுகளுக்கு இயல்பே வேகம்தான். ஆர்பிட்ராஜ் ஃபண்ட், பங்கை ரொக்கச் சந்தையில் வாங்கி ஃபியூச்சர்ஸில் விற்று, இடையில் உள்ள விலை வித்தியாசத்தைப் பிடிக்கிறது. ஒப்பந்தங்கள் மாதந்தோறும் காலாவதியாவதால் அதன் டர்ன்ஓவர் பல மடங்கில் வரும். அதைக் கண்டு பதற வேண்டாம். பங்கு ஃபண்டுகளும் கொஞ்சம் ஆர்பிட்ராஜ் செய்வதுண்டு. பராக் பாரிக் ஃபிளெக்ஸி கேப் திட்டத்தின் ஃபேக்ட் ஷீட்டில் ஆர்பிட்ராஜைச் சேர்த்து ஓர் எண், சேர்க்காமல் ஓர் எண் என்று இரண்டு கொடுத்துவந்திருக்கிறார்கள். எஸ்.பி.ஐ. திட்டங்கள் சிலவற்றில் பங்குகளுக்கு மட்டும் ஓர் எண், கடன் பத்திரங்களையும் டெரிவேட்டிவ்களையும் சேர்த்து ஓர் எண் என்று இருக்கும். இந்தப் பிரிப்பு எல்லோருக்கும் கட்டாயமாக வேண்டும். பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டுகளில் இது இல்லாமல் டர்ன்ஓவரைப் படித்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இன்னும் சில இடங்களில் மாற்றம் மேனேஜர் கையிலேயே இல்லை. நிஃப்டி 50 பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறை பரிசீலிக்கப்படுகிறது. மாறும் பங்குகள் சில என்பதால் அந்த இண்டெக்ஸ் ஃபண்டுகளின் டர்ன்ஓவர் சிறியதாகவே இருக்கும். இண்டெக்ஸ் என்றாலே அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நிஃப்டி 200 மொமண்டம் 30 போன்றவை ஜூனிலும் டிசம்பரிலும் வேகமாக ஏறிய பங்குகளைத் தேடிப் பட்டியலையே புரட்டிப் போடுகின்றன. அதில் போடுபவர், இண்டெக்ஸ் ஃபண்ட் என்ற பெயருக்குள் சுறுசுறுப்பான வர்த்தகத்தை வாங்குகிறார்.

வரியில் இந்திய முதலீட்டாளருக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மியூச்சுவல் ஃபண்ட் உள்ளே லாபத்தில் விற்றால், அந்த லாபத்துக்கு ஃபண்டும் வரி கட்டுவதில்லை, நாமும் அப்போது கட்ட வேண்டியதில்லை. நம் யூனிட்டை நாம் விற்கும்போதுதான் வரி. அமெரிக்காவில் ஃபண்ட் ஈட்டிய லாபத்தை ஆண்டுதோறும் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். யூனிட்டை விற்காதவரும் அதற்கு வரி கட்ட நேரும். பி.எம்.எஸ். எனப்படும் போர்ட்ஃபோலியோ மேலாண்மைச் சேவை இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. குறைந்தது 50 லட்சம் ரூபாய் போட வேண்டிய அந்தச் சேவையில் பங்குகள் முதலீட்டாளர் பெயரிலேயே இருப்பதால், மேனேஜர் விற்கும் ஒவ்வொரு பங்குக்கும் வரி அவருடையது. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவிகிதம்; ஓராண்டு தாண்டினால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவிகிதம். டர்ன்ஓவர் 100 சதவிகிதத்தைத் தாண்டும் பி.எம்.எஸ்.ஸில் சேருமுன், அவர்கள் காட்டும் வருமானம் இந்த வரிக்கு முன்பா பின்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

மியூச்சுவல் ஃபண்டில் போடுபவருக்கு வேலை இவ்வளவு கூட இல்லை. ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் பழைய ஃபேக்ட் ஷீட்டுகள் இருக்கும். ஐந்து ஆண்டுகளின் மார்ச் மாத இதழை மட்டும் எடுத்து டர்ன்ஓவரை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். திட்ட ஆவணத்தில் ‘நீண்டகாலம் வைத்திருக்கும் அணுகுமுறை’ என்று எழுதிவிட்டு 150, 180 என்று எண் வந்தால், டிஸ்ட்ரிபியூட்டரிடம் காரணம் கேட்க வேண்டும். 30, 35 என்று ஓடிக்கொண்டிருந்த எண் திடீரென்று 120-க்குத் தாவினால், அந்த ஆண்டில் ஃபண்ட் மேனேஜர் மாறியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். புதிதாக வருபவர் முந்தையவரின் பங்குகளை விற்றுத் தன் பங்குகளை நிரப்புவது வழக்கம். ஓராண்டு போனதும் எண் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. மேனேஜர் மாறாமலே தாவி, அடுத்த ஆண்டும் இறங்கவில்லை என்றால், நீங்கள் சேர்ந்தபோது இருந்த திட்டம் இப்போது இல்லை. அதைப் புதிய திட்டமாகவே எண்ணி, இன்று முதன்முறையாகப் பார்த்தால் இதில் பணம் போடுவோமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.