மூடிய சுரங்கமும் மூடாத புண்ணும்

மாதக்கணக்கில் விடாத இருமலோடு ஒருவர் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார். மருத்துவர் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்: "என்ன வேலை பார்க்கிறீர்கள் ஐயா?" "இப்போ வேலை ஒண்ணும் இல்லைங்க, வீட்டோடதான் இருக்கேன்" என்கிறார் அவர். "அதற்கு முன்பு?" என்று மருத்துவர் மீண்டும் கேட்கிறார். உடன் வந்த மனைவிதான் பதில் சொல்கிறார்: "பதினாறு வருசம் கல் குவாரியில குழி போட்டாருங்க டாக்டர். அந்தக் குவாரிய மூடி ரொம்ப நாளாச்சு."

விருதுநகர் மாவட்டத்து மருத்துவமனைகளில் இத்தகைய உரையாடல் புதிதன்று. மனைவி சொன்ன அந்த ஒரு வரி, நோயறிதலின் திசையையே மாற்றிவிடக்கூடும். குவாரி மூடப்பட்டிருக்கலாம். ஆனால் அங்கே மூச்சோடு உள்ளே சென்ற நுண்ணிய கல்தூசி, நுரையீரலை விட்டு வெளியேறுவதில்லை.

மனிதருக்குப் பொருந்தும் இவ்வுண்மை மண்ணுக்கும் பொருந்தும். தொழில் நின்ற நாளில் மாசும் நின்றுவிடுவதில்லை. கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தை எவ்வாறு தூய்மைப்படுத்துவது, அதில் மருத்துவருக்கும் நோயாளிக்கும் என்ன பங்கு என்பதை இவ்விதழில் காண்போம்.

கோலார் விட்டுச் சென்ற மேடுகள்

தமிழர்கள் 'கேஜிஎஃப்' என்று அழைக்கும் கோலார் தங்கவயல், கர்நாடகத்தில் தமிழக எல்லைக்கு அண்மையில் உள்ளது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால்பதித்தபின், வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சென்றன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அச்சுரங்கங்கள் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்தன. தரைக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கண்டன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அவை மூடப்பட்டன.

தங்கம் வெளியே சென்றுவிட்டது. கழிவு அங்கேயே தங்கிவிட்டது. பாறையை மாவாக அரைத்து, நீர்த்த சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்தெடுப்பதே அங்குக் கையாளப்பட்ட முறை. 1887-இல் கிளாஸ்கோ நகரில் மெக்ஆர்தர் என்னும் வேதியியலாளர், ஃபாரஸ்ட் சகோதரர்கள் இருவருடன் சேர்ந்து இம்முறையை உருவாக்கினார். அச்சகோதரர்கள் இருவரும் மருத்துவர்கள் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி. தங்கத்தைப் பிரித்தெடுக்கக் கைகொடுத்த மருத்துவ அறிவு, எஞ்சிய கழிவைக் கையாளவும் கைகொடுத்தாக வேண்டும்.

தங்கம் நீங்கிய மாவு, 'சயனைடு மேடு' என்று ஊரார் சொல்லும் குன்றுகளாகக் குவிந்தது. அத்தகைய மேடுகள் 13 உள்ளன. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு அவற்றில் கிடக்கிறது. சயனைடு என்ற பெயர்தான் அச்சமூட்டுகிறது. உண்மையில் அதன் பெரும்பகுதி, வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் நாளடைவில் சிதையக்கூடியது. சிதையாதவை வேறு. தங்கச் சுரங்கக் கழிவுகளில் பொதுவாகக் காணப்படும் ஆர்செனிக் போன்ற நச்சுத் தனிமங்கள் காலத்தால் அழிவதில்லை. தங்கத்தைத் தாங்கியிருந்த குவார்ட்ஸ் பாறையின் சிலிக்கா தூசியும் அப்படியே இருக்கும். காற்றடிக்கும் மாதங்களில் அத்தூசி வீடுகளுக்குள் வருகிறது. மழைக்காலத்தில் நீரோடு இறங்குகிறது.

ஒரே குழியில் மூன்று ஆய்வுகள்

இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் முதன்முதலில் முறையாகப் பதிவானது கோலார் தங்கவயலில்தான், ஆண்டு 1947. சிலிக்கா தூசி நுரையீரலில் தழும்புகளை உண்டாக்கி, அதனைச் சிறிது சிறிதாக இறுகச் செய்கிறது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. இந்நோய் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். தொழிலாளரின் மார்பை ஊடுகதிரில் பார்த்த மருத்துவரும், துளையிடும் கருவியில் நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்கும் பொறியாளரும் சேர்ந்தால்தான் இந்நோயைத் தடுக்க முடியும் என்ற பாடத்தை உலகம் இத்தகைய சுரங்கங்களிடமிருந்தே கற்றது.

அதே சுரங்கத்தில் 1965-இல் வேறொரு கூட்டாய்வு நடந்தது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து, 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை நிறுவின. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தை அங்கே கண்டறிந்தன. கண்ணுக்குப் புலப்படாத ஒரு துகளைத் தேடி மூன்று நாட்டு அறிஞர்கள் ஒரு குழிக்குள் ஒன்றுகூடினார்கள்.

மூன்றாவது ஆய்வு குழிக்கு வெளியே, மேடுகளைப் பற்றியது. மண்ணையும் நீரையும் அங்கே முளைக்கும் செடிகளையும் பல்வேறு ஆய்வாளர்கள் தனித்தனியே ஆராய்ந்துள்ளனர். மேடுகளோ இன்னும் நிற்கின்றன. அவற்றில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுப்பதற்கான திட்டத்துக்கு 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேட்டைக் கலைப்பது நல்வாய்ப்பாகவும் அமையலாம், புதிய தூசியாகவும் மாறலாம். நீரும் காற்றும் புகாத அடித்தளமிட்டுக் கழிவைச் சேமிக்கிறார்களா, பணி தொடங்குமுன் சுற்றியுள்ள மக்களின் நுரையீரல் நிலையையும் கிணற்று நீரின் தன்மையையும் பதிவு செய்கிறார்களா என்பதைப் பொறுத்தே அது முடிவாகும்.

ஆறிய புண் ஒன்று

கூட்டு முயற்சியால் என்ன நேரும் என்பதற்குக் கனடாவின் பிரிட்டானியா செப்புச் சுரங்கம் சான்று. வான்கூவர் நகருக்கு வடக்கே கடற்கரையில் அமைந்த அச்சுரங்கம், ஒரு காலத்தில் பிரித்தானியப் பேரரசிலேயே பெரிய செப்புச் சுரங்கமாக இருந்தது. 1974-இல் அது மூடப்பட்டது. அதன்பின் மழைநீரும் காற்றும் கந்தகம் கலந்த பாறையைத் தொட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்கின. அவ்வமிலம் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து ஓடைக்கும் கடலுக்கும் கொண்டு சென்றது. சுரங்கம் மூடிய பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் அது நிற்கவில்லை.

2001-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நச்சுநீர் ஓடைக்கு வந்த சுரங்கவழி ஒன்றில் அடைப்புக் கட்டி, அந்நீரைத் திசைதிருப்பினர். மாநில அரசு முன்னாள் உரிமையாளர்களிடமிருந்து 3 கோடி கனடிய டாலர் பெற்றது. அமிலத்தை முறித்து உலோகங்களைப் பிரித்தெடுக்கும் சுத்திகரிப்பு நிலையம் 2005-இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் சில ஆண்டுகளில் அவ்வோடைக்கு சால்மன் மீன்கள் திரும்பி வந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தை இன்றும் நிறுத்த முடியாது. மழை பெய்யும் வரை அது ஓடியாக வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சில நோய்கள் தீர்வதில்லை, கட்டுக்குள் வைக்கப்படுகின்றன. கட்டுக்குள் இருப்பதும் நலமே.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை, 'நீரி' என்ற பெயரில் சிவகாசி மக்கள் அறிவர். 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின், பசுமைப் பட்டாசுக்கான கலவைகளைப் பட்டாசு உற்பத்தியாளர்களுடன் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம் அது. அதே நிறுவனம், நாகபுரி மாவட்டத்தின் கும்காவ் மாங்கனீசுச் சுரங்கத்தில் புல்லும் முளைக்காதிருந்த கழிவு மேடுகளைப் பசுமையாக்கிக் காட்டியது. கரும்பாலைகளில் எஞ்சும் 'பிரஸ்மட்' என்னும் கசடை மண்ணோடு கலந்து, வேர்களுக்குத் துணைநிற்கும் நுண்ணுயிர்களைச் சேர்த்து, மரக்கன்றுகளை நட்டார்கள். வேர் மண்ணைப் பிடித்தது, தூசி அடங்கியது.

இனி, நம் பங்கு

நம் மாவட்டத்தில் தங்கச் சுரங்கம் இல்லை. ஆனால் கல் குவாரிகளும், கிரஷர்களும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், பட்டாசு ஆலைகளும் உள்ளன. பயன்பாடு முடிந்து நீர் நிறைந்து நிற்கும் பள்ளங்களும் உள்ளன. மேற்கண்ட ஆய்வுகளுக்கெல்லாம் முதல் தகவல், அங்கே வேலை செய்தவரும் வாழ்ந்தவரும் சொன்ன செய்தியே. ஆகவே பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது, இன்றைய வேலையை மட்டுமன்றி, இதுவரை பார்த்த வேலைகள் அனைத்தையும் ஆண்டுக் கணக்கோடு ஒரு தாளில் எழுதி வாருங்கள். எழுத இயலாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். சிலிக்கோசிஸ், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். தூசியில் வேலை செய்தவருக்கு இருமல், மூச்சிரைப்பு, எடைக்குறைவு இருந்தால், ஊடுகதிர்ப் படமும் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் தேவைப்படும். புகைப்பழக்கம் இருப்பின் அதை விடுவது, எஞ்சிய நுரையீரலைக் காக்கும் மிகச் சிறந்த மருந்து.

சிலிக்கோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். அதற்கு இழப்பீடு கோரும் உரிமையும் சட்டத்தில் உண்டு. எனவே பழைய ஊதியச் சீட்டு, அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைத் தூக்கி எறியாமல் பாதுகாத்து வையுங்கள்.

வேலைக்கு அணிந்த உடையை வீட்டுக்குள் உதறாதீர்கள்; நீரில் நனைத்துத் தனியே துவையுங்கள். முகத்தில் கட்டிய துண்டு, கண்ணுக்குத் தெரியாத தூசியைத் தடுக்காது. அதற்குரிய முகக்கவசத்தை ஆலையில் கேட்டுப் பெறுங்கள்.

கைவிடப்பட்ட பள்ளத்து நீர் தெளிந்திருப்பதாலேயே அது தூயது ஆகிவிடாது. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். கரைந்துள்ள உலோகமும் உப்பும் நீங்கா. ஐயம் இருப்பின், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைக் கொடுத்துச் சோதித்தறியுங்கள். அப்பள்ளங்களில் ஆலைக் கழிவையோ மருத்துவக் கழிவையோ எவர் கொட்டினாலும் ஊராட்சியிடம் தெரிவியுங்கள்.

உள்ளே சீழ் இருக்கையில் மேலே தோல் மூடினால், அதைப் புண் ஆறியதாக எந்த மருத்துவரும் கொள்வதில்லை. கோலாரின் மேடுகளும் அவ்வாறே காத்திருக்கின்றன. பிரிட்டானியாவின் ஓடை ஆறிவிட்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, பலர் ஒன்றுகூடி ஒரே புண்ணைத் தொடர்ந்து கவனித்தார்களா என்பதே. நம் ஊரில் அந்தக் கவனிப்பு, மருத்துவரின் அறையில் அந்த அம்மாள் சொன்னது போன்ற ஒரு வரியில் தொடங்கலாம். அடுத்த முறை வரும்போது அந்த வரியைச் சொல்ல மறவாதீர்கள்.