அஷ்டமுடிக் காயலின் மட்டி வளம்

கேரளத்தில் கொல்லம் நகரையடுத்துள்ள அஷ்டமுடிக் காயல், எட்டுக் கிளைகளாகப் பிரிந்து கிடப்பதால் அப்பெயர் பெற்றது. கல்லடையாறு நன்னீரைக் கொணர்கிறது. நீண்டகரை முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. இவ்விரண்டும் கலக்குமிடத்து மணற்படுகையில் புதைந்து வாழ்வது, பாஃபியா மலபாரிக்கா என்று விஞ்ஞானிகள் குறிப்பிட்டுவரும் மட்டி. அவ்வூரார் இதனை மஞ்ஞக் கக்கா என்பர். இதனை எடுத்தும், வேகவைத்தும், விற்றும் ஏறத்தாழ 3,000 பேர் பிழைத்து வந்தனர்.

அயல்நாடுகளில் இதன் சதைக்குக் கிராக்கி ஏற்படவே, 1991இல் ஆண்டுப் பிடிப்பு 10,000 டன்னை எட்டியது. 1993இல் அது பாதியாகக் குறைந்தது. மட்டி ஓடி ஒளியும் பிராணியன்று. படுகையை அறிந்தவர்கள் அதனை அடியோடு வழித்தெடுத்துவிட இயலும்.

முட்டையினின்று வெளிப்படும் இளவுயிர் சில நாட்கள் நீரில் மிதந்து திரிந்த பின்னரே அடியில் தங்கி மணலில் புதைகிறது. உப்புத்தன்மை மிகக் குறைந்தாலோ, படுகையைச் சேறு மூடினாலோ அது பிழைப்பதரிது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆராய்ச்சிகளையொட்டி, இனப்பெருக்க காலமாகிய டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுப்பது தடை செய்யப்பட்டது. வலைக்கண் 30 மி.மீ.க்குக் குறையலாகாது என்றும், ஏற்றுமதிச் சதை கிலோவுக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேற்படலாகாது என்றும் விதிக்கப்பட்டது. இக்கடைசி விதி சாமர்த்தியமானது: காயல் முழுவதையும் காவல் காப்பது கடினம்; ஒரு கிலோ சதையை எண்ணுவது எளிது. 2014இல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றிதழை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது இம்மட்டித் தொழிலே.

எனினும், விதிகள் பிடிப்பைக் கட்டுப்படுத்துமேயன்றி நீரைத் தூய்மையாக்கா. கழிவுகள் பெருகின, படுகைகள் சீர்கெட்டன, அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மைட்டெல்லா என்னும் அந்நியச் சிப்பியினமும் காயலில் பரவியது. மட்டி மீண்டும் அருகவே, விழிஞ்ஞம் ஆராய்ச்சி மையத்துப் பொரிப்பகத்தில் வளர்த்த 30 லட்சம் மட்டிக் குஞ்சுகள் 2024இல் காயலில் விடப்பட்டன. சேறு படிந்த இடத்தில் இத்தகைய குஞ்சுகளை விடுவது, களர்நிலத்தில் விதை தெளிப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே களப்பணியாளர் முதலில் அடித்தளத்தைப் பார்த்தல் வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பை அளந்து, மணலை அள்ளி நுண்சல்லடையிலிட்டு அலசி, கிடைக்கும் மட்டிகளை அளவு வாரியாகப் பிரித்து எண்ணுதல் நன்று. இனப்பெருக்க காலம் கடந்தபின் பல இடங்களில் இவ்வாறு பார்த்தும் பெரியவை மட்டுமே கிடைத்துச் சிறியவை காணப்படாவிடில், அவ்வாண்டின் குஞ்சுகள் அங்கே தங்கவில்லை என்று கருதலாம்.