பால் மெக்கார்ட்னியைக் கொன்ற இசைத்தட்டு உறை

1969 ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணி சுமாருக்கு லண்டனின் அபே ரோட்டுக்கு நடுவே ஏணி போட்டு ஏறி நின்றார் இயன் மெக்மில்லன் என்ற புகைப்படக்காரர். ஒரு போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி வைத்தார். பீட்டில்ஸ் குழுவின் நால்வரும் வெள்ளைக் கோடு போட்ட பாதசாரிகள் கடப்பில் அங்குமிங்கும் நடந்தார்கள். பத்து நிமிட வேலை, மொத்தம் ஆறே படங்கள். நல்ல வெயில். செருப்போடு வந்திருந்த பால் மெக்கார்ட்னி இடையில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். ஆறில் ஐந்தாவது படத்தில் நால்வரின் நடையும் அழகாக அமைந்திருந்தது. அதுவே ‘அபே ரோடு’ இசைத்தட்டின் உறையானது. முகப்பில் குழுவின் பெயர் இல்லை, பாட்டுத் தொகுப்பின் பெயரும் இல்லை.

செப்டம்பர் 26ஆம் தேதி இசைத்தட்டு வெளியானது. ஒரு மாதம் முடிவதற்குள், அந்தக் கோடுகளைக் கடக்கும் நால்வரில் ஒருவர் பிணம் என்று அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் சத்தியம் செய்யாத குறையாகப் பேசிக்கொண்டார்கள்.

கதை இதுதான். 1966 நவம்பரில் பால் கார் விபத்தில் இறந்துவிட்டார். விஷயத்தை மூடி மறைத்து, அவரைப் போலவே முகம் கொண்ட ஒருவரைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். மற்ற மூவருக்கும் மனசாட்சி உறுத்தியது. வெளிப்படையாகச் சொல்ல முடியாததால் இசைத்தட்டு உறைகளிலும் பாட்டுகளுக்குள்ளும் துப்புகளை ஒளித்து வைத்தார்கள்.

இப்படி ஒரு கதையைக் காதில் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். முன்னால் வெள்ளை உடையில் ஜான் லெனன்: பாதிரியார். அடுத்து கறுப்பு உடையில் ரிங்கோ ஸ்டார்: ஈமச்சடங்கு நடத்துபவர். கடைசியில் முரட்டு ஜீன்ஸ் துணியில் ஜார்ஜ் ஹாரிசன்: வெட்டியான். இடையில் வெறுங்காலோடு, மற்ற மூவரின் நடையோடு சேராமல் வேறு காலை முன்வைத்து வருபவர் யார்? கையில் சிகரெட் வேறு. பால் இடதுகைக்காரர், சிகரெட்டோ வலது கையில்! ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்துகிறதல்லவா? பொருந்தத்தான் செய்யும். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

புரளிக்கு வேர் லண்டனிலேயே இருந்தது. 1967 ஜனவரியில் நெடுஞ்சாலை விபத்தில் பால் இறந்ததாக ஒரு பேச்சு கிளம்பி, குழுவின் ரசிகர் மாத இதழ் அதை மறுத்திருந்தது. பிறகு அமுங்கிப் போன பேச்சு, 1969 செப்டம்பர் 17 அன்று அயோவா மாநிலத்தின் டிரேக் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் மறுபடி தலைகாட்டியது. அக்டோபர் 12 அன்று டெட்ராய்ட் வானொலி அறிவிப்பாளர் ரஸ் கிப்புக்கு ஒரு நேயர் தொலைபேசியில் அழைத்து, பீட்டில்ஸின் ‘ரெவல்யூஷன் 9’ என்ற ஒலித்தொகுப்பைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்க்கச் சொன்னார். கிப் சுழற்றினார். திரும்பத் திரும்ப வரும் எண் ஒன்பது, தலைகீழாக ஓடும்போது ‘செத்த மனிதன்’ என்று முடியும் ஒரு தொடர்போலக் கேட்டது. வானொலி நிலையத்துக்கு அழைப்புகள் குவிந்தன.

அந்த ஒலிபரப்பைக் கேட்டவர்களில் ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் லபோர். மாணவர் பத்திரிகையான ‘மிச்சிகன் டெய்லி’க்கு ‘அபே ரோடு’ விமர்சனம் எழுதித் தரவேண்டிய பொறுப்பு அவருக்கு. மனிதர் விமர்சனத்துக்குப் பதிலாக இரங்கல் செய்தி எழுதிவிட்டார். அக்டோபர் 14 அன்று வெளியான அந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அவர் உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்தது. மாற்று ஆளுக்கு வில்லியம் கேம்ப்பெல் என்று பெயர் வைத்தது அவர். பீட்டில்ஸ் பாட்டில் வரும், கடல்நாயைப் பெரிதாக்கித் தந்தம் முளைக்க வைத்தாற்போல இருக்கும் வால்ரஸ் விலங்கின் பெயருக்குக் கிரேக்கத்தில் பிணம் என்று பொருள் என எழுதியதும் அவர்தான். அப்படி எந்தப் பொருளும் கிடையாது. நையாண்டி என்று அவர் நினைத்ததை நாடே ஆதாரமாக எடுத்துக்கொண்டது. லபோர் பிற்காலத்தில் கௌபாய் பாட்டுக் குழு ஒன்றில் நகைச்சுவை வாத்தியக்காரராகப் பிழைத்தார் என்பது எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் தரவில்லை.

துப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். படத்தின் இடப்பக்கம் ஒரு வெள்ளை ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் நிற்கிறது. அதன் எண் எல்எம்டபிள்யூ 281எஃப். கடைசி 1ஐ ஆங்கில ‘ஐ’ என்று வாசித்தால் ‘28 இஃப்’ என்று வரும். அதாவது, உயிரோடு இருந்திருந்தால் பாலுக்கு 28 வயது! முன்னால் உள்ள மூன்று எழுத்துகள், பாலின் மனைவியைக் குறித்து, ‘லிண்டா மெக்கார்ட்னி அழுகிறாள்’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கமாம்.

அந்தக் கால பிரிட்டிஷ் வண்டி எண்ணில் கடைசி எழுத்து பதிவான ஆண்டைக் குறிக்கும். 1967 ஆகஸ்ட் முதல் 1968 ஜூலை வரை பதிவான எல்லா வண்டிகளுக்கும் ‘எஃப்’தான். நடுவே 1 முதல் 999 வரை ஏதாவது ஓர் எண். அவற்றில் 1இல் முடிபவை நூறு. ஆகவே அந்த ஆண்டின் கார்களில் பத்துக்கு ஒன்று ‘இஃப்’ என்று முடிந்தே தீரும். அதற்கு முன்னால் என்ன எண் வந்தால் துப்பாகியிருக்கும்? 24 வந்தால், இறந்ததாகச் சொல்லப்பட்ட வயது. 27 வந்தால், அப்போது அவருக்கு உண்மையில் இருந்த வயது. 66 வந்தால், ‘இறந்த’ ஆண்டு. எம்டபிள்யூ என்பது வில்ட்ஷயர் வட்டாரத்தின் பதிவுக் குறியீடு. அங்கே பதிவான ஆயிரக்கணக்கான வண்டிகளில் அது இருந்தது. அத்தனை வண்டிகளுமா லிண்டாவுக்காக அழுதன? எதிர்ப்பக்கத்துக் குடியிருப்பில் இருந்தவரின் கார் அது. இசைத்தட்டு வெளியான பிறகு அந்த எண் பலகையை ரசிகர்கள் திரும்பத் திரும்பத் திருடிக்கொண்டு போனார்கள்.

வந்தது 28. பாலின் பிறந்த நாள் 1942 ஜூன் 18. கணக்குப்படி 27தான். அதற்கும் பதில் தயாராக இருந்தது: இந்தியத் துறவிகள் கருவுற்ற நாளிலிருந்தே வயதை எண்ணுவார்களாம். நம் வீடுகளில் 27 முடிந்து 28 நடக்கிறது என்று சொல்வோமே தவிர, கருவிலிருந்து எண்ணிய பாட்டி எவரையும் நான் பார்த்ததில்லை. 1967இல் வந்த ‘சார்ஜண்ட் பெப்பர்’ உறையிலும் இதே வித்தைதான். பாலின் தலைக்கு மேலே பின்னாலிருந்து ஒரு கை விரிந்து நிற்கும். ‘கீழை நாடுகளில் இது மரணத்தின் சின்னம்’ என்றார்கள். தலைக்கு மேல் விரிந்த கையை நாம் ஆசீர்வாதம் என்போம். உண்மையில் அது பழைய நகைச்சுவை நடிகர் ஒருவரின் புகைப்படத்தில் இருந்த கை. துப்பு எங்கே இடிக்கிறதோ அங்கே ‘கிழக்கு’ என்று ஒரு கட்டையைக் கொடுத்து நிமிர்த்திவிடுவது அந்தக் காலத்து வழக்கம்.

‘சார்ஜண்ட் பெப்பர்’ உறை துப்பு தேடுபவர்களுக்குக் கிடைத்த சுரங்கம். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரபலங்களின் உருவங்கள், மெழுகுப் பொம்மைகள், மலர்ப் படுக்கை, நடுவே வண்ணம் தீட்டிய பெரிய முரசு, ஒரு பொம்மையின் மடியில் சின்னக் கார், லட்சுமி சிலைகூட உண்டு. மலர்ப் படுக்கை கல்லறையானது, பொம்மைக் கார் விபத்துக் காரானது. முரசில் எழுதியிருந்த எழுத்துகளின் குறுக்கே கண்ணாடியை நிறுத்தினால் ‘அவன் சாகிறான்’ என்பதுபோல ஒரு தொடர் தெரிந்தது. எத்தனை பொருள்கள், அவற்றை எத்தனை விதமாகப் பார்க்கலாம் என்று பெருக்கிப் பாருங்கள்: நேராக, தலைகீழாக, கண்ணாடியில், எழுத்தாக, நிறமாக, எண்ணாக. ஆயிரக்கணக்கான வாசிப்புகள் தேறும். அவற்றில் ஒரு முப்பது மரணத்தோடு ஒட்டாமல் போனால்தான் அதிசயம். ஒட்டாத மீதியை யாரும் பட்டியலிடுவதில்லை.

கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும் இதே கதி. 1981இல் ராபர்ட் ரெமெஸ் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் ஒரு பேச்சுப் பதிவை உரித்து, மூன்றே மூன்று சீழ்க்கை ஒலிகளாக்கினார்கள். எதுவும் சொல்லாமல் போட்டுக் காட்டினால் பலர் விண்வெளிப் படத்துச் சத்தம் என்றார்கள். இது ஒரு வாக்கியம் என்று சொல்லிவிட்டுப் போட்டால் அதே சீழ்க்கையில் வார்த்தைகள் கேட்கத் தொடங்கின. இன்று இணையத்தில் இதன் மாதிரிகள் கிடைக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம். ஒருமுறை வாக்கியம் பிடிபட்டுவிட்டால் பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. மூளை ஒலிக்காகக் காத்திருப்பதில்லை. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகித்து, வருவதை அந்த ஊகத்தில் பொருத்துகிறது. இரைச்சல் மிகுந்த கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது நமக்குப் புரிவதே இந்தத் திறமையால்தான்.

தலைகீழ் ஒலிக்கு இது நேராகப் பொருந்தும். கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வோக்கியும் டான் ரீடும் 1985இல் இதைச் சோதித்து எழுதினார்கள். பின்னோக்கி ஓடும் பேச்சில் பேசுபவர் ஆணா பெண்ணா என்று மக்களால் சொல்ல முடிந்தது. ஆனால் என்ன பேசுகிறார் என்பதில் கோட்டைவிட்டார்கள். பைபிள் வாசகமா விளம்பரமா என்றுகூடப் பிரிக்க முடியவில்லை. பிறகு ஆய்வாளர்களே 23ஆம் சங்கீதத்தைப் பின்னோக்கி ஓடவிட்டு, அதில் சில அபத்தமான தொடர்களைத் தேடி எடுத்தார்கள். ‘இதில் இப்படி ஒன்று வருகிறது, கேளுங்கள்’ என்று சொல்லிப் போட்டதும் கேட்டவர்களுக்கு அது தெளிவாகக் கேட்டது. டெட்ராய்ட் நேயர்களுக்கும் என்ன கேட்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைத்தார்கள்.

தொடர்பில்லாதவற்றுக்குள் தொடர்பைக் காணும் இந்தப் போக்குக்கு 1958இல் கிளாஸ் கொன்ராட் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் பெயர் வைத்தார்: அபோஃபீனியா. மனச்சிதைவின் தொடக்க நிலையை விவரிக்க அவர் உண்டாக்கிய சொல் அது. ஆனால் லேசான அளவில் இது எல்லோரிடமும் உண்டு. தற்செயல் எப்படி இருக்கும் என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது. பரவலாக, சமமாகச் சிதறிக் கிடக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் லண்டனில் விழுந்தபோது, சில வட்டாரங்களைக் குறிவைத்து அடிக்கிறார்கள், சில இடங்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள் என்று ஊரே நம்பியது. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கர் 1946இல் இதை எண்ணிப் பார்த்தார். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை 576 கட்டங்களாகப் பிரித்தார். விழுந்த குண்டுகள் 537. வெறும் தற்செயல் என்றால் ஒரு குண்டும் விழாத கட்டங்கள் சுமார் 227 இருக்க வேண்டும் என்றது கணக்கு, இருந்தவை 229. ஒரே ஒரு குண்டு விழுந்தவை 211 என்றது கணக்கு, இருந்தவையும் 211. நான்கு குண்டு வாங்கிய ஏழு கட்டங்களும் கணக்கில் வந்தவைதான். அந்தக் கட்டங்களில் குடியிருந்தவர்களிடம் போய் இது தற்செயல் என்று சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

ராக் இசையில் உண்மையாகவே ஒரு கொடூரமான தற்செயல் உண்டு. லெனர்ட் ஸ்கினர்ட் குழுவின் ‘ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்’ இசைத்தட்டு 1977 அக்டோபர் 17 அன்று வந்தது. உறையில் குழுவினர் தெருவில் நிற்க, சுற்றிலும் தீ. நடுவே ஸ்டீவ் கெய்ன்ஸ் கண்ணை மூடியிருக்க, அவரைச் சுற்றித் தழல் எரிகிறது. மூன்றாம் நாள் அவர்கள் சென்ற விமானம் எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பி காட்டில் விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். ஸ்டீவ் கெய்ன்ஸும் அவருடைய அக்கா கேசியும் பாடகர் ரோனி வான் ஸாண்டும் அவர்களில் இருந்தார்கள். நிறுவனம் அவசரமாகத் தீயை நீக்கி, வெறும் கறுப்புப் பின்னணியோடு உறையை மாற்றியது. மூன்று நாள் அந்தப் படம் கடைகளில் இருந்தபோது யாருக்கும் அதில் சாவு தெரியவில்லை. விமானம் விழுந்த பிறகே தெரிந்தது. தீப்பிழம்போடு வந்து, பாடியவர்கள் நீண்ட காலம் வாழ்ந்த உறைகளை நாம் நினைவில் வைத்துக்கொள்வதுமில்லை.

மறுபடி 1969க்கு வருவோம். புகழ்பெற்ற வழக்கறிஞர் எஃப். லீ பெய்லியை வைத்துத் தொலைக்காட்சியில் ஒரு போலி விசாரணை நடத்தினார்கள். சாட்சியாகப் போன லபோர், ‘நானே கட்டிவிட்ட கதை சார் இது’ என்ற அர்த்தத்தில் பெய்லியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்தை நிரப்ப வேண்டுமே, ஒத்துழையுங்கள் என்பதுபோலப் பதில் வந்தது. நிகழ்ச்சி நடந்தது. பழைய பீட்டில்ஸ் இசைத்தட்டுகளின் விற்பனையும் எகிறியது.

பால் எங்கே இருந்தார்? ஸ்காட்லாந்துப் பண்ணை வீட்டில், மார்ச்சில் மணந்த லிண்டாவோடும் ஆகஸ்ட் கடைசியில் பிறந்த குழந்தையோடும். ‘லைஃப்’ பத்திரிகை ஆட்களை அனுப்பி, நவம்பர் 7 இதழின் அட்டையில் குடும்பத்தோடு அவர் படத்தைப் போட்டு, உயிரோடுதான் இருக்கிறார் என்று அறிவித்தது. அட்டையின் மறுபக்கத்தில் ஒரு கார் விளம்பரம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தக் கார் பாலின் உடம்பின் மேல் ஏறி நிற்பதுபோலத் தெரிகிறது என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள்.

அந்த இதழின் உள்ளே பால் கொடுத்த பேட்டியும் இருந்தது. பீட்டில்ஸ் என்ற விஷயம் முடிந்துவிட்டது என்று அதில் அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார். ‘அபே ரோடு’ கடைக்கு வருவதற்கு ஆறு நாள் முன்பே, விலகப்போவதாக லெனன் மற்றவர்களிடம் சொல்லிவிட்டிருந்தார், வெளியே கசியவில்லை. இப்போது அச்சிலேயே வந்தும் அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழு உடைந்தது உலகத்துக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது. 1970 ஏப்ரல் 10 அன்று லண்டன் செய்தித்தாள் ஒன்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட பிறகுதான் எல்லோரும் அதிர்ச்சி அடைந்தார்கள்.